சாய்ப்பில் கிடக்கும் 1979 புல்லட்டை எழுப்புவது எப்படி?

கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா 1979-இல் வாங்கிய புல்லட் 350, அவர் காலமான பிறகு பதினான்கு ஆண்டுகளாக வீட்டுச் சாய்ப்பில் கிடக்கிறது. பெயிண்ட், தங்கக் கோடு, கிழிந்த சீட் உறை எதுவும் மாறக் கூடாது. தெருவில் பார்க்கிறவர்களுக்கு அது அப்பா விட்டுப்போன வண்டியாகவே தெரிய வேண்டும். ஆனால் மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பேச்சிப்பாறை ஏற்றத்தில் திணறாமல் ஏற வேண்டும். திருநெல்வேலி நான்குவழிச் சாலையில் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போகக் கூடாது. "500 சிசி பிளாக் போட்டுத் தருகிறேன், யாருக்கும் தெரியாது என்று ஒரு மெக்கானிக் சொல்கிறார். போடலாமா அண்ணே?" என்று முடித்திருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், தம்பி. போட வேண்டாம். அந்த மெக்கானிக் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்று நான் நினைக்கவில்லை. 350-க்கும் 500-க்கும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் ஒன்றுதான், 90 மி.மீ. விட்டம் மட்டும் 70-இலிருந்து 84 மி.மீ. ஆகிறது. அதனால் பிஸ்டன் ஓடும் சிலிண்டரான பிளாக்கையும் பிஸ்டனையும் மேல்மூடியான ஹெட்டையும் மாற்றினால் காரியம் முடிந்தது என்று தோன்றும். ஆனால் அந்தப் பெரிய பிளாக் உட்கார வேண்டுமானால் எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸின் வாயை லேத்தில் கடைந்து அகலமாக்க வேண்டும். எஞ்சின் எண் பொறித்திருப்பது அந்தக் கேஸில்தான். ஒரு முறை கடைந்துவிட்டால் அப்பாவின் எஞ்சின் பழைய நிலைக்குத் திரும்பாது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. புத்தக விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்பது 182ஏ பிரிவில் சேர்ந்தது. சாதாரண நாளில் யாரும் பிளாக்கைக் கழற்றிப் பார்க்கப் போவதில்லை என்பது உண்மைதான். விபத்து நடந்த மறுநாள் இன்ஷூரன்ஸ் ஆள் வந்து பார்ப்பார். அப்போது பின்னால் உட்கார்ந்திருந்தவர் உங்கள் மனைவி.

இன்னொன்று. 2021-இல் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டியை 'விண்டேஜ்' என்று விஏ வரிசை எண்ணில் பதியலாம். உங்கள் வண்டிக்கு அந்தத் தகுதி 2029-இல் வரும். சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால்தான் ஏற்பார்கள். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டவும் முடியாது. ஆகவே அந்த வழி உங்களுக்குத் தேவையா என்பதை அப்போது யோசித்துக்கொள்ளலாம். இப்போதே அந்தக் கதவை அடைத்துக்கொள்ள வேண்டாம். கையோடு ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா என்று பாருங்கள். பதினைந்து ஆண்டுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பதினான்கு ஆண்டு கிடந்த வண்டியில் நிச்சயம் தவறியிருக்கும். நாற்பது ஐம்பது ஆயிரத்தை எஞ்சினில் கொட்டிவிட்டு அலுவலகத்தில் போய் நின்று கையைப் பிசைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, 350-ஐ 350-ஆகவே வைத்துக்கொண்டால் வேகம் எங்கிருந்து வரும்? தொழிற்சாலை இந்த எஞ்சினுக்குச் சொன்னது சுமார் 18 குதிரைத்திறன். தக்கலையில் முப்பத்தைந்து ஆண்டாகப் பட்டறை வைத்திருக்கிறேன். அந்தப் பதினெட்டையும் முழுதாகத் தருகிற பழைய புல்லட் ஒன்றுகூட என் பட்டறை வாசலில் வந்து நின்றதில்லை. என்னிடம் திறனை அளக்கும் டைனோமீட்டர் கிடையாது. குலசேகரம் தாண்டி ஏறும்போது எந்த கியரில் ஏறுகிறது என்பதுதான் என் அளவுகோல். கோணிய கிராங்க், ஒழுகும் வால்வு, தளர்ந்த ஸ்பிரிங், உரசும் பிரேக், துருவேறிய செயின் என்று ஆளுக்கு ஒரு கை அள்ளிக்கொண்டு போனதுபோக மிச்சம்தான் சக்கரத்துக்கு வருகிறது. திருடு போனதையெல்லாம் மீட்டு, அதற்குமேல் கொஞ்சம் சேர்த்தாலே, பார்க்கிறவர்கள் 'இதில் ஏதோ செய்திருக்கிறார்கள்' என்பார்கள். நாம் செய்யப்போவது அவ்வளவுதான். அத்தனையும் மூடிக்குள் நடக்கும் வேலை.

முதல் காரியம்: ஆசையில் கிக்கரை உதைத்துவிடாதீர்கள். பதினான்கு ஆண்டு, அதுவும் இரண்டு மழைக்காலமும் முழுதாகப் பெய்கிற ஊரில், கடல் காற்று எட்டும் தூரத்தில் கிடந்த எஞ்சின் அது. சிலிண்டர் சுவரிலும் பேரிங்கிலும் துரு பூத்திருக்கும். ஒரு வால்வாவது அது ஓடும் குழாயான கைடில் ஒட்டியிருக்கும். பிளக்கைக் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஒரு சிறு டம்ளர் ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் மெல்ல அசையுங்கள். அசைந்தால் நல்லது, அசையாவிட்டாலும் வருத்தப்பட ஒன்றுமில்லை, எப்படியும் கழற்றத்தான் போகிறோம்.

கழற்றினால் முதலில் கிராங்க், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு. என் பேச்சைக் கேட்டால், உங்கள் கையிலிருக்கும் பணத்தில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள். யாரும் பார்க்க முடியாத இடம்; அதனால்தான் யாரும் செலவழிக்க மாட்டார்கள். இரண்டு ஃப்ளைவீல், நடுவில் ஒரு பின், அதில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு. பழைய 350-இல் ராடின் பெரிய முனையில் ரோலர் இருக்காது. பின்னுக்கும் ராடுக்கும் நடுவே தானாகச் சுற்றும் ஒரு புஷ் இருக்கும். புஷ் சத்தம் போடாது, எண்ணெய் அழுத்தம் சரியாக இருந்தால் காலத்துக்கும் நிற்கும். அழுத்தம் ஒரு கணம் தவறினால் போயிற்று. ரோலர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஏற்றமும் நான்குவழிச் சாலையும் இரண்டும் வேண்டும் என்கிறவருக்கு ரோலர் ராடு கிட்டுதான் போடுவேன். புஷ்ஷே போதும் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அவர்களுடைய வண்டிகள் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போய்த் திரும்புகிறவை.

எதைப் போட்டாலும் கிராங்கைப் பூட்டிய பிறகு லேத்தின் இரண்டு சென்டர் நடுவில் தொங்கவிட்டு டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கத் தண்டிலும் ஆட்டம் 0.03 மி.மீ.-க்குள் வந்தால்தான் நான் கேஸுக்குள் வைப்பேன். செம்புச் சுத்தியலால் ஒரு தட்டு, ஒரு அளவு, மறுபடி ஒரு தட்டு. என் ஆசான் ஒரு கிராங்குக்கு அரை நாள் எடுத்துக்கொள்வார். வாடிக்கையாளர் டீக்கடையில் உட்கார்ந்து முணுமுணுப்பார். "இரும்பு நேராக வரும்வரைதான் எனக்கு வேலை, உனக்கு அவசரமென்றால் பஸ்ஸில் போ" என்பார். 80 கி.மீ. வேகத்தில் கால்மிதியில் பாதம் மரத்துப்போகாத புல்லட் ஒன்றை ஓட்டிப் பார்த்தால் அந்த அரை நாள் எங்கே போனது என்று தெரியும். லேத்காரர் 'சரியாக இருக்கிறது' என்று சொன்னால் போதாது. கேஜ் முள் அசைவதை நீங்களே நின்று பாருங்கள்.

கிராங்குக்குப் பக்கத்திலேயே ஆயில் பம்புகள். இந்த எஞ்சினில் இரண்டு: ஒன்று ஆயில் டேங்கிலிருந்து எண்ணெயைக் கிராங்குக்கு அனுப்பும், மற்றது கீழே வடிந்ததை இறைத்து மேலே அனுப்பும். கிராங்கின் முனையிலுள்ள புழுப்பல் நட்டுதான் இரண்டையும் ஓட்டுகிறது. அந்த நட்டு இடப்புரி; தெரியாமல் மற்ற நட்டுபோல் இடப்பக்கம் சுற்றி உடைத்துவிட்டு வருகிறவர்கள் ஆண்டுக்கு ஒருவராவது உண்டு. பம்பு வட்டுகளைக் கண்ணாடித் தகட்டின்மேல் நுண்மணல் பசை தடவித் தேய்த்துச் சமப்படுத்துங்கள். கிராங்கின் முனைக்குள் எண்ணெய் நுழையும் இடத்தில் ஒரு சின்ன சீல் இருக்கும். விலை டீச் செலவு; அது தேய்ந்திருந்தால் எண்ணெய் ராடுக்குப் போகாமல் அடியிலேயே கொட்டிவிடும். பழைய ஃபெல்ட் ஃபில்டருக்குப் பதில் அதே கூட்டுக்குள் உட்காரும் பேப்பர் ஃபில்டர் கிடைக்கிறது, அதைப் போடுங்கள். எஞ்சினை முதலில் உயிர்ப்பித்ததும் வால்வைத் திறக்கும் ராக்கருக்குப் போகும் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். எண்ணெய் கசிந்து வந்தால் சுழற்சி நடக்கிறது. வராவிட்டால் உடனே அணையுங்கள்.

ஒரு வாரம் நிறுத்திவைத்த புல்லட் எடுத்தவுடன் வெள்ளைப் புகையைக் கக்கினால் 'ரிங் போயிற்று, போர் செய்ய வேண்டும்' என்பார்கள். போர் என்றால் சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அகலமாக்குவது. பாதி நேரம் அது உண்மையில்லை. தேய்ந்த பம்பு வழியாக ஆயில் டேங்கில் இருக்கும் எண்ணெய் இரவோடு இரவாகக் கிராங்க் கேஸுக்குள் இறங்கியிருக்கும், அது எரிகிற புகைதான். பம்பைச் சரிசெய்தால் புகை நிற்கும். இப்படித் தேவையில்லாமல் போர் செய்யப்பட்ட பிளாக்குகளைச் சேர்த்தால் ஒரு மதில் கட்டலாம்.

புல்லட் என்றால் எண்ணெய் ஒழுகத்தான் செய்யும் என்ற பழமொழியையும் நம்பாதீர்கள். பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் 346 சிசி காற்றைக் கீழே தள்ளுகிறது. அந்தக் காற்று வெளியேற, வாத்தின் அலகுபோல் ஒரு ரப்பர் வால்வு வைத்திருக்கிறார்கள். ரப்பர் காய்ந்து பிளந்தாலோ அடைத்தாலோ காற்று வேறு வழி தேடும். எண்ணெயையும் துணைக்கு அழைத்துக்கொண்டு எல்லா மூட்டுகளிலும் எட்டிப்பார்க்கும். கேஸ்கெட்டில் பசை பூசிப் பூசி அலுத்துப்போகும் முன் அந்த ரப்பரைப் பாருங்கள்.

பிளாக்குக்கு வருவோம். துரு பிடித்திருப்பதால் போர் செய்யத்தான் வேண்டும். பிஸ்டனைக் கையில் வாங்கி அளந்த பிறகுதான் போர். போரைச் செய்துவிட்டுப் பிஸ்டன் தேடக் கூடாது. ஒரு மி.மீ. ஓவர்சைஸ் போனால் கொள்ளளவு 346-இலிருந்து சுமார் 356 சிசி ஆகும். தேய்மானத்துக்காகச் செய்யும் வழக்கமான பழுதுபார்ப்பு இது. முதல் ஓவர்சைஸிலேயே சுவர் சுத்தமாகிவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள், அடுத்த தலைமுறைக்கும் கொஞ்சம் இரும்பு மிச்சம் இருக்கட்டும். ரிங் வாயின் இடைவெளியை ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள், 0.3 மி.மீ. அளவில் இருக்கட்டும்.

பெட்ரோல் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்கிற கம்ப்ரஷன் விகிதம் தொழிற்சாலை அளவில் சுமார் 7.25. அன்றைய பெட்ரோலின் தரத்துக்கு வைத்த கணக்கு அது. இன்றைய பெட்ரோலுக்கு எட்டு வரை கொண்டுபோகலாம், அதற்குமேல் வேண்டாம். கணக்கு எளிது: 7.25-க்கு, பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 55 சிசி. எட்டு ஆக்க அது 49 சிசி ஆக வேண்டும். அதாவது ஆறு சிசிதான் வித்தியாசம், ஒரு தேக்கரண்டிக்குச் சற்று கூட. தலை சற்றே உயர்ந்த பிஸ்டன் அதைச் செய்துவிடும். மருந்துக்கடை ஊசிக்குழாயில் எண்ணெய் எடுத்து ஊற்றி அளந்து பார்த்துவிடுங்கள். ஊகத்தில் ஹெட்டைக் கடைபவர்களிடம் கொடுக்காதீர்கள்.

ஹெட்டில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, செலவு குறைவு. புதிய கைடு, புதிய வால்வு, வால்வு சீட்டை மூன்று கோணத்தில் வெட்டி வால்வு உட்காரும் விளிம்பைக் குறுகலாக்குவது. கார்புரேட்டர் வந்து சேரும் இடத்தில் நடுத்தகடும் கேஸ்கெட்டும் துளைக்குள் ஒரு படிபோல் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் படியை அராவி எடுத்தாலே காற்று நிம்மதியாக உள்ளே போகும். துளையைப் பெரிதாக்க வேண்டாம், கண்ணாடிபோல் மெருகேற்றவும் வேண்டாம். இது 90 மி.மீ. நீள ஓட்டம் கொண்ட எஞ்சின். நிமிடத்துக்கு 5,500 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 16.5 மீட்டர். யமஹா ஆர்எக்ஸ் 100 தன் உச்சமான 7,500 சுற்றில் ஓடும்போதுகூட 12.5 மீட்டர்தான். சுற்றைக் கூட்டி வேகம் தேடுவது இதன் குணத்துக்கு எதிரானது. கீழே இழுவை கூடினால் பேச்சிப்பாறை ஏற்றம் தானாகவே சிறிதாகிவிடும்.

டேப்பெட், அதாவது வால்வைத் திறக்கும் புஷ் ராடின் இடைவெளி விஷயத்தில் ஒரு சொல். மற்ற வண்டிப் பழக்கத்தில் சிலர் இதிலும் இடைவெளி விட்டு வைக்கிறார்கள். புல்லட்டில் எஞ்சின் ஆறியிருக்கும்போது புஷ் ராடு விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் அசையக் கூடாது. அவ்வளவே அளவு. இடைவெளி விட்டால் டக் டக் என்ற சத்தத்தோடு வால்வு திறக்கும் உயரமும் குறையும்.

இப்போது நான் சூடுபட்ட கதை. தொண்ணூறுகளின் நடுவில் எனக்கென்று ஒரு 350 வைத்திருந்தேன். உயர்ந்த தலைப் பிஸ்டன் போட்டு, தீப்பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயிண்டைக் காதால் கேட்டே முன்னுக்குத் தள்ளி வைத்தேன். ஆக்ஸிலேட்டர் தொட்டால் துள்ளியது. ஊரெல்லாம் பெருமை. ஆடி மாதம் திருநெல்வேலி போனேன். போகும்போது ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முதுகில் தள்ளியது, வண்டி பறந்தது. நம் ஊர் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தென்மேற்குக் காற்று அந்த இடுக்கு வழியாகத்தான் கிழக்கே பாய்கிறது. முப்பந்தல் முழுக்கக் காற்றாலை நிற்பது அதனால்தான். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் அடித்தது. நான் அதே வேகத்தில்தான் வர வேண்டும் என்று பிடிவாதமாக ஆக்ஸிலேட்டரை முறுக்கிவைத்தேன். முப்பந்தலைத் தாண்டுவதற்குள் எஞ்சின் முனகியது. கிளட்சைப் பிடிப்பதற்குள் இறுகி நின்றது. கழற்றிப் பார்த்தால் பிஸ்டன் தலையில் எறும்பு கடித்ததுபோல் குழிகள், பக்கவாட்டில் அலுமினியம் உருகி இழுவிய தடம்.

கணக்குப் பாருங்கள். 70 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், எதிரே 30 கி.மீ. காற்று. வண்டிக்கு அது 100 கி.மீ. காற்று. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 70-க்குப் பதில் 100 என்றால் தடை இரண்டு மடங்கு. வேகமானி 70 காட்டும். எஞ்சின் இரட்டைச் சுமை இழுக்கும். அந்தச் சுமையில் தீப்பொறி முந்தி விழுந்தால் பிஸ்டன் ஏறிக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து சம்மட்டி அடி விழுகிறது. ஊருக்குள் இரண்டு தெரு சுற்றிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

ஆகவே டைமிங்கைக் காதால் வைக்காதீர்கள். சுற்று ஏறும்போது தீப்பொறியை முந்தவைக்கும் அட்வான்ஸ் எடைகள் முழுதும் சுருங்கிய நிலையில், பிஸ்டன் உச்சியை எட்ட 0.8 மி.மீ. இருக்கும்போது பாயிண்ட் திறக்க வேண்டும். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. பிளக் துளை சாய்ந்திருப்பதால் அதன் வழியே போக்ஸ் கம்பியை விட்டு அளந்தால் கணக்கு ஏமாற்றும். ஹெட் இல்லாதபோதே டயல் கேஜ் வைத்து அளந்து, கிராங்க் முனையில் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள். எடைகளைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்பிரிங்குகளையும் கட்டாயம் மாற்றுங்கள். தளர்ந்த ஸ்பிரிங், சுற்று ஏறும் முன்பே தீப்பொறியை முன்னுக்குத் தள்ளிவிடும். கிக்கர் திரும்பி அடித்துக் கணுக்காலைப் பதம்பார்ப்பதும் பெரும்பாலும் இதனால்தான். இன்னும் நிம்மதி வேண்டுமானால், பாயிண்ட் மூடிக்குள்ளேயே அடங்கும் எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாம். மூடியைப் போட்டால் 1979 மாடலேதான். கழற்றிய பாயிண்டும் கண்டன்சரும் கருவிப் பெட்டியில் இருக்கட்டும், கோதையாறு காட்டில் நின்றுபோனால் அவை திரும்ப வீடு சேர்க்கும்.

பெட்ரோல். இப்போது பம்பில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனாலுக்கு எரியக் குறைந்த காற்று போதும் என்பதால், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் பழைய ஜெட்டோடு ஓட்டினால் கலவை நீர்த்து எஞ்சின் சூடேறும். சுத்த பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ எட்டு சதவீதம் கூடுதல் எரிபொருள் தேவை. மெயின் ஜெட்டை ஒன்றிரண்டு அளவு கூட்டிப் போட்டு, ஓட்டிப் பார்த்து பிளக்கின் நிறத்தைப் படியுங்கள். ரப்பர் பைப், மிதவை வாஷர் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும்; நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலிசெய்து கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள். கார்புரேட்டர் பழைய அளவே போதும், பெரியது போட்டால் மெதுவான ஓட்டத்தில் தடுமாறும்.

சைலன்சரைத் தொடாதீர்கள். உள்தகட்டைப் பிடுங்கினால் கேட்கும் சத்தம் உங்களுக்கு வேகமாகத் தோன்றும், போலீஸ்காரருக்கு வழக்காகத் தோன்றும், நடுச்சுற்றில் இழுவையும் குறையும். இரகசியமாக ஒரு வண்டி செய்கிறவர் ஊரைக் கூட்டவும் கூடாது.

கியர் பெட்டியிலிருந்து செயினுக்கு வரும் ஸ்ப்ராக்கெட்டில் 16 பல் இருந்தால் அப்படியே விடுங்கள். 17 போட்டால் அதே வேகத்துக்குச் சுற்று ஆறு சதவீதம் குறையும், நான்குவழிச் சாலையில் சுகம். ஆனால் இரண்டு பேரோடு மலையேற்றம், ஆடிக் காற்று இரண்டிலும் டாப் கியர் திணறும். எஞ்சினை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிய பிறகு உங்களுக்கே தெரியும். தேவையென்றால் அப்போது மாற்றிக்கொள்ளலாம்.

பிரேக்கைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, தம்பி. யாரும் கேட்பதில்லை. ஆட்களோடு சேர்த்து முந்நூறு கிலோ எடை, பேச்சிப்பாறையிலிருந்து இறங்குகிறது. தடுப்பது அந்தக் காலத்து டிரம். முன் சக்கரத்தில் இரண்டு ஷூவில் ஒன்றுதான் சுழற்சியோடு தானே இறுகிப் பிடிக்கும் வகை உங்களுடையது. இரண்டுமே அப்படிப் பிடிக்கும் தட்டு பின்னாளில் வந்த புல்லட்களில் வந்தது. அதை மாட்டலாம், ஆனால் தெரிந்தவர் கண்ணுக்கு உடனே படும். பழையதையே வைத்துக்கொண்டு நன்றாக நிறுத்த வழி இருக்கிறது. போக்ஸ் கம்பிகளை இறுக்கிச் சக்கரத்தை நேராக்கிய பிறகு டிரம்மை அந்தச் சக்கரத்தோடே லேத்தில் வைத்து வட்டமாக்குங்கள். கம்பி இழுப்பில் டிரம் சற்றே நீள்வட்டமாகியிருக்கும், அதைத் தனியாகக் கடைந்து பயனில்லை. பிறகு தடித்த லைனர் ஒட்டி, டிரம்மின் வளைவுக்கே தேய்த்துப் பொருத்துங்கள். ஷூ முனையில் மட்டும் தொடாமல் முழு முகமும் தொட வேண்டும். புதிய கேபிள். 19 அங்குலப் புதிய டயர்கள். கட்டை எவ்வளவு இருந்தாலும் பழைய டயர் வேண்டாம், பதினான்கு ஆண்டில் ரப்பர் கல்லாகியிருக்கும். ஸ்டீயரிங்கில் குண்டுக்குப் பதில் சாய்வு ரோலர் பேரிங், ஃபோர்க்கில் புதிய எண்ணெய், பின் ஷாக் புஷ்கள். இத்தனைக்குப் பிறகும் வெளியே ஒரு திருகு மாறியதாகத் தெரியாது.

கால் பழக்கமும் பாருங்கள். கியர் வலது காலில், பிரேக் இடது காலில்; முதல் கியர் மேலே, மற்றவை கீழே. இன்றைய பைக்கில் பழகியவர் அவசரத்தில் வலது காலை மிதித்தால் வண்டி நிற்காது, கியர்தான் மாறும். ஒரு மாதம் காலியான சாலையில் ஓட்டி, உடம்புக்குப் பழகிய பிறகு வீட்டாரை ஏற்றுங்கள்.

மின்சாரத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேட்டரி ஆறு வோல்ட்டா பன்னிரண்டா என்று பாருங்கள். ஆறாக இருந்தால் பன்னிரண்டுக்கு மாற்றுங்கள், முழு வயரிங்கையும் புதிதாக இழுங்கள். பழைய ஆம்ப் மீட்டர் முகப்பில் அப்படியே இருக்கட்டும்.

வெளித்தோற்றத்தில் கை வைக்காத உங்கள் முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. திருவொற்றியூர் தொழிற்சாலையில் அந்தத் தங்கக் கோடுகளைக் கையால்தான் இழுத்தார்கள். அதன்மேல் புதுப் பெயிண்ட் அடித்தால் திரும்ப வராது. டேங்கின் உள்ளே துரு இருக்கும். ஜல்லியைப் போட்டுக் குலுக்கும் வித்தை வேண்டாம், உள்ளிருந்து தகடு புடைத்துப் பெயிண்ட் தெறிக்கும். வினிகரை நிரப்பி இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, சோடா மாவு கலந்த நீரில் அலசி, உடனே காயவைத்து எண்ணெய் பூசுங்கள். ஊற்றும்போது பெயிண்டில் சிந்தாமல் இருக்க மெழுகு தடவிக்கொள்ளுங்கள். கிழிந்த சீட் உறைக்கு உள்ளே புதிய நுரை வைத்து அதே உறையைத் தைத்துவிடலாம்.

எல்லாம் பூட்டிய பிறகு முதல் ஐந்நூறு கிலோமீட்டர் மலைப்பக்கமே போகாதீர்கள். குளச்சல், முட்டம் வழியாக மேற்குக் கடற்கரைச் சாலையில், காலை வெயில் ஏறுமுன், 50 கி.மீ.-க்குள் வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் பிடிக்காதீர்கள், மூன்றாம் கியரில் இழுத்து இழுத்து விடுங்கள்; அப்போதுதான் ரிங் சுவரோடு சேரும். திரும்பி வந்ததும் வண்டியைத் துடைத்துவிடுங்கள், உப்பு காத்திருக்காது. நூறு கிலோமீட்டரில் முதல் எண்ணெயை வடியுங்கள், ஐந்நூறில் மறுபடியும். இரண்டு முறையும் வடித்த எண்ணெயை வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பாருங்கள். சாம்பல் நிற மினுமினுப்பு இருந்தால் இயல்பு. வெண்கல நிறத் துகள் தெரிந்தால் மேற்கொண்டு ஓட்டாமல் வண்டியை ஆட்டோவில் ஏற்றித் தக்கலைக்குக் கொண்டுவாருங்கள். ஐந்நூறு முடிந்ததும் ஒரு இரவு முழுக்க ஆறவிட்டு, ஹெட் நட்டுகளைக் குறுக்காக மறுபடி இறுக்கி, டேப்பெட்டை விரலால் சுற்றிப் பாருங்கள். ஹெட் இறங்கியிருந்தால் அது இறுகியிருக்கும்.